சபையில் வேத ஆலோசனைக்கு வரச் சொல்கிறார்கள். போனால் என்ன நடக்கும்?

தன்லின் தையல்காரி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதோடு சரி, நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. தமிழ் எழுத்தை ஞாயிறு பள்ளியில் கற்றேன், மிச்சம் பைபிளைப் பார்த்துப் பழகியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 46. பர்மாவில், ரங்கூனுக்குப் பக்கத்துத் தன்லினில் வீட்டிலேயே தைக்கிறேன். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால் வெள்ளைச் சட்டையும் பச்சை லொஞ்சியும் மெஷின் பக்கத்தில் குவிந்து கிடக்கும். போன ஜூனில் பாதி வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கை ஓடவில்லை.

மூத்த மகன் 2024 மே மாதம் எல்லை ஊரான மியாவடி வழியாகத் தாய்லாந்து போனான். அந்த பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அறிவிப்பு வந்தது, அவனுக்கு 22 வயது. இதற்கு மேல் இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டாம். இப்போது அங்கே மகாச்சாயில் ஒரு மீன் கம்பெனியில் ராத்திரி ஷிப்ட். அவன் போன நாளிலிருந்து இரவு 2 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும் வரை தூக்கம் இல்லை. பகலில் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கிறது. ஆராதனையில் எல்லோரும் சமாதானத்தைப் பற்றிப் பாடும்போது எனக்கு மூச்சு முட்டுகிறது, எழுந்து வெளியே செருப்பு கழற்றிப் போட்ட இடத்தில் போய் நிற்கிறேன்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து இருதயத்தில் ஒன்றும் இல்லை என்றார். ராத்திரிக்கு அரை மாத்திரை கொடுத்தார். மனநல டாக்டரையும் ஒரு தடவை பாருங்கள் என்றார். அதைக் கேட்டதும் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. யுவாதாஜி மனநல ஆஸ்பத்திரிப் பக்கம் போனாள் என்று ஒருவர் சொன்னால் போதும், எங்கள் தெருவில் அது பத்து வருஷம் நிற்கும்.

இந்த நேரத்தில்தான் போதகர் அம்மா என்னைக் கூப்பிட்டு, ரங்கூனில் நம் சபையோடு சேர்ந்த இன்னொரு சபையில் சனிக்கிழமைதோறும் வேத ஆலோசனை நடக்கிறது, மனக்கஷ்டத்துக்குப் பைபிளை வைத்து ஆலோசனை சொல்வார்கள், போய்ப் பார் என்றார். ஆலோசனை சொல்கிறவர் ஒரு கரேன் இனத்துச் சயாமா (ஆசிரியை அம்மா), இன்சேனில் இறையியல் படித்தவராம். தமிழ் தெரியாது, பர்மிய மொழியில்தான் பேச வேண்டும்.

போக மனசு இருக்கிறது, பயமும் இருக்கிறது. உனக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்களா? நான் சொன்னது அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பாக வந்து நிற்குமா? எங்கள் சபையில் அப்படி ஒருமுறை நடந்தது, அந்தப் பெண் அதன்பின் சபைக்கே வரவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வார்களா? எவ்வளவு காணிக்கை வைக்க வேண்டும்? வீட்டுக்காரரும் வர வேண்டுமா? போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பஜுண்டாங் அக்கா:

தங்கச்சி, நான் போய் வந்தவள். 2023-ல் பதினொரு சனிக்கிழமை போனேன். நீ போகப் போவது அதே இடமா என்று தெரியாது, ஆனால் இந்த முறையில் ஆலோசனை சொல்கிற இடங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடத்துவார்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், தையல் இடைவேளையில் படி.

என் வீட்டுக்காரர் 2021 ஜூலையில், கொரோனா சமயத்தில் இறந்துபோனார். அந்த மாதம் ரங்கூனில் ஆக்சிஜனுக்கு ஜனங்கள் எப்படி நின்றார்கள் என்று உனக்குத் தெரியும். நானும் மகனும் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்று சிலிண்டரை நிரப்பி எடுத்து வந்தோம். வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே அழுகைச் சத்தம். அந்த சிலிண்டரை ஒரு வாரம் கழித்து இன்னொருவருக்குக் கொடுத்தோம். இரண்டு வருஷம் நான் அழவே இல்லை. எல்லோரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். அப்புறம் ஒரு நாள் மருமகள் சாதத்தில் தண்ணீர் கூடுதலாக வைத்ததற்குப் பானையைத் தூக்கி எறிந்தேன். அன்றைக்குத்தான் எனக்கே பயம் வந்தது.

முதலில் ஒரு படிவம் கொடுப்பார்கள். எனக்கு நாலு பக்கம், பர்மிய மொழியில். வயது, குடும்பம், வீட்டில் யார் யார், எத்தனை மணி நேரம் தூங்குகிறாய், சாப்பாடு எப்படி, என்னென்ன வியாதி, என்னென்ன மாத்திரை, எப்போதிலிருந்து விசுவாசி, வேதம் வாசிக்கிறாயா என்று வரிசையாகக் கேட்டிருக்கும். கடைசியில் மூன்று கேள்வி: உன் பிரச்சினை என்ன, அதற்கு நீ இதுவரை என்ன செய்தாய், எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறாய். மூன்றாவதற்கு நான் ஒரே வரி எழுதினேன்: தூங்க வேண்டும். சயாமா அதைப் படித்துவிட்டு, சரி, முதலில் அதைப் பார்ப்போம் என்றார். என் கஷ்டத்துக்குப் பெரிய பெரிய பெயர் வைப்பார்கள் என்று நினைத்துப் போனவளுக்கு அந்த ஒரு பேச்சே பாதி ஆறுதல். அந்த மூன்று கேள்விக்கும் நீ வீட்டிலேயே தமிழில் எழுதி வைத்துக்கொள். அங்கே உட்கார்ந்து யோசித்தால் வராது.

ஒரு தாளில் கையெழுத்தும் வாங்குவார்கள். அதைப் படிக்காமல் போடாதே. இது வேதத்தை வைத்துக் கொடுக்கும் ஆலோசனை, மருத்துவ சிகிச்சை கிடையாது என்று அதில் இருக்கும். நீ சொல்வதை யாரிடம் சொல்வார்கள், யாரிடம் சொல்ல மாட்டார்கள் என்றும் இருக்கும். நான் சின்ன வயதில் கத்தோலிக்கப் பிள்ளை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது சாமியாரோடு போயிற்று, அவர் எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது. இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு இல்லை. ஒருவருடைய உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பார்கள். சில சபைகளில் போதகருக்கும் விவரம் போகும். அதனால் நான் நேராகவே கேட்டேன்: சயாமா, எங்கள் போதகருக்கு என்ன தெரியும்? நான் வருகிறேனா இல்லையா என்பது மட்டும் தெரியும், என்ன பேசினோம் என்பது தெரியாது என்றார். பெண்கள் ஐக்கியத்தைப் பற்றியும் கேட்டேன். ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே போகாது என்றார், போகவும் இல்லை. நீயும் கேள். கேட்டால் கோபிக்கிற ஆலோசகர் என்றால் அதுவே உனக்குப் பதில்.

அறையில் சயாமாவோடு இன்னொரு பெண்ணும் இருப்பார். அவர் பேச மாட்டார், பயிற்சிக்காக உட்கார்ந்திருப்பார். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, மூன்றாவது வாரம் மறந்துவிட்டது. கதவில் கண்ணாடி இருக்கும். ஆண் ஆலோசகர் ஒரு பெண்ணோடு தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்வது நல்ல வழக்கம் இல்லை. அப்படி ஒரு இடம் இருந்தால் போகாதே.

முதல் நாள் வசனத்தோடு ஆரம்பிப்பார்கள் என்றுதான் காத்திருந்தேன். நாற்பது நிமிஷம் ஒரு வசனமும் இல்லை. கேள்வி, கேள்வி, கேள்விதான். அந்த ஜூலை மாதத்தைக் காலையிலிருந்து ராத்திரி வரை சொல்ல வைத்தார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் யார் என்றுகூடக் கேட்டார். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது, இரண்டு வருஷத்துக்கு அப்புறம். மின்சாரம் போயிருந்தது, பேட்டரி விளக்கு ஒன்று எரிந்தது. சயாமா என்னை அழ விட்டுவிட்டுச் சும்மா இருந்தார். முடியும்போதுதான் எலியாவின் கதையை வாசித்தார். சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டானே, அது. தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை, தூங்க விட்டான், எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்க விட்டான். நீங்கள் இந்த வாரம் மூன்று வேளை சாப்பிடுங்கள், அதுதான் வீட்டுப் பாடம் என்றார்.

வீட்டுப் பாடம் ஒவ்வொரு வாரமும் உண்டு. ஒரு நோட்டு வாங்கிக்கொள். ராத்திரி விழிப்பு வந்தால் மணி எத்தனை, என்ன நினைத்தாய் என்று எழுதச் சொல்வார். ஒரு வாரம் 13-ஆம் சங்கீதத்தைக் கொடுத்தார். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று ஆரம்பிக்குமே, அதே மாதிரி என் சொந்த வார்த்தையில் ஒன்று எழுதிவரச் சொன்னார். கடவுளிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்டேன். தாவீது பேசியிருக்கிறானே என்றார். நான் எழுதியதில் ஆக்சிஜன் வரிசை வந்தது, மருமகளும் வந்தாள்.

அப்புறம்தான் கஷ்டமான வாரங்கள். ஆறாவது வாரம் சயாமா மெதுவாகக் கேட்டார், உங்கள் கோபத்துக்கு அந்தப் பெண் என்ன செய்தாள் என்று. என் துக்கம் என்னுடைய குற்றம் இல்லை, ஆனால் துக்கத்தை வைத்து இன்னொருத்தியை அடிப்பது என் கையில் இருக்கிறது என்று வேதத்தைத் திறந்து காட்டினார். எனக்குக் கோபம் வந்து ஏழாவது வாரம் போகவில்லை. எட்டாவது வாரம் போனேன். மருமகளிடம் மன்னிப்புக் கேட்டது அதற்கு அப்புறம். வேத ஆலோசனை என்றால் உன் வலியையும் கேட்பார்கள், உன் தப்பையும் கேட்பார்கள், இரண்டுக்கும் தயாராகப் போ. ஆனால் மூன்றாவது நாளே தப்பைத் தேட ஆரம்பித்தால் அவர் அவசரக்காரர். ஒருவன் சொல்வதைக் கேட்டு முடிக்குமுன் பதில் சொல்வது புத்தியீனம் என்று நீதிமொழிகளிலேயே இருக்கிறது.

மொழியைப் பற்றிச் சொல்லியிருந்தாய். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. கடையில் கணக்குப் போடுவது பர்மிய மொழியில், ஜெபம் பண்ணுவது தமிழில். என் வீட்டுக்காரரைப் பற்றி அவர் இவர் என்று தமிழில் சொல்லும்போது வரும் மரியாதை பர்மிய மொழியில் வரவில்லை. சயாமாவிடம் சொன்னேன். அழுகை வரும் இடத்தில் தமிழிலேயே சொல்லுங்கள், எனக்குப் புரியாவிட்டால் அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். ஜெபத்தையும் தமிழில் செய்ய விட்டார். தமிழ் பைபிளைக் கையில் எடுத்துப் போ. இன்னொன்று, இந்த ஊரில் வளர்ந்த நமக்கெல்லாம் ஆனாடே என்று ஒன்று இருக்கிறதே, எதிரே இருப்பவருக்குச் சங்கடமாகிவிடுமோ என்று இல்லாததையும் ஆமாம் என்று சொல்வது, அதைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போ. நான் மூன்று வாரம் ஆனாடேயில் 'பரவாயில்லை சயாமா, நன்றாக இருக்கிறேன்' என்று சொல்லி வீணாக்கினேன்.

காசு வாங்கவில்லை. ஒரு தடவை வாழைப்பழம் கொண்டுபோனேன், எல்லோரும் சாப்பிட்டோம். வீட்டுக்காரர் முதல் நாள் வர வேண்டியதில்லை. நடுவில் ஒரு வாரம் மகனையும் மருமகளையும் கூப்பிட்டார்கள், என்னிடம் கேட்ட பிறகுதான்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. என் நெஞ்சுப் படபடப்பைக் கேட்டதும் சயாமா ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார். தைராய்டு கூடுதலாக இருந்தது. மாத்திரை எடுத்து சில மாதத்தில் படபடப்பு குறைந்தது. ஜெபத்தாலும் நோட்டாலும் அது போயிருக்காது. உனக்கு 46 வயது, மாதவிலக்கு நிற்கிற காலமும் இதே மாதிரி தூக்கத்தைக் கெடுக்கும். இ.சி.ஜி. மட்டும் போதாது, தைராய்டும் ரத்தசோகையும் பார்த்துவிடு.

இன்சேன் லைன் தம்பி:

அக்கா, பஜுண்டாங் அக்கா சொன்னது நல்ல இடத்தைப் பற்றி. மோசமாகவும் நடக்கும் என்பதால் எழுதுகிறேன். சபையின் பெயர் சொல்லமாட்டேன்.

என் அண்ணனுக்கு இருதுருவ மனநோய் என்று டாக்டர் சொல்லி லித்தியம் கொடுத்திருந்தார். ஐந்து வருஷம் வேலைக்குப் போனார், கல்யாணமும் ஆயிற்று. ஒரு சபையில் ஆலோசனை என்று ஆரம்பித்தார்கள். ஆலோசனை சொன்னவருக்குப் பயிற்சி எதுவும் இல்லை, நல்லெண்ணம் இருந்தது. மூன்றாவது வாரம், கர்த்தர் சுகமாக்கிவிட்டார் என்று விசுவாசித்தால் மாத்திரை எதற்கு என்று கேட்டார். அண்ணன் அன்றைக்கே நிறுத்தினார். எங்களிடம் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் ராத்திரி பகல் தூக்கம் இல்லை, வீட்டு நகையை விற்று யார் யாருக்கோ கொடுத்தார், அப்புறம் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். அண்ணி அந்த நாட்களில் என்ன பட்டார் என்பதை எழுத என்னால் முடியவில்லை.

நான் சபையை விடவில்லை. அண்ணனும் விடவில்லை, இப்போது மருந்தோடு நன்றாக இருக்கிறார். ஆனால் யாரிடம் போனாலும் முதல் நாளே இதைக் கேளுங்கள்: டாக்டர் கொடுத்த மாத்திரையைப் பற்றி நீங்கள் என்ன சொல்வீர்கள்? 'அது டாக்டருடைய காரியம், நான் அதில் கை வைக்கமாட்டேன்' என்று வர வேண்டும். வேறு எந்தப் பதில் வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் போடும் தூக்க மாத்திரையையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். அந்த வகை மாத்திரைகளைக் கொஞ்ச நாள் எடுத்துவிட்டுச் சட்டென்று விட்டால் தூக்கமின்மையும் படபடப்பும் முன்னைவிட மோசமாகத் திரும்பும், சிலருக்கு வலிப்பும் வரும். குறைக்க வேண்டும் என்றால் டாக்டரே படிப்படியாகக் குறைப்பார்.

யுவாதாஜியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணனை அங்கே கொண்டுபோன நாளில் வாசலில் எங்கள் தெருக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அவரும் தன் தங்கையைக் கூட்டி வந்திருந்தார். இரண்டு பேரும் தலையசைத்துவிட்டுப் போனோம். அவர் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மனநல டாக்டரைப் பார்க்க அந்த ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும் என்பதும் இல்லை, ரங்கூனில் தனியாகப் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள்.

மாந்தலே டீச்சர்:

அக்கா, நான் ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். 2025 மார்ச் 28 பூகம்பத்துக்குப் பிறகு எங்கள் சபையில் பிள்ளைகள் கட்டடத்துக்குள் வரவே பயந்தார்கள், மாதக்கணக்கில் மரத்தடியில்தான் வகுப்பு. அந்த நாட்களில் இணையம் வழியாக வேத ஆலோசனைப் பாடம் ஒன்று படித்தேன். நான் ஆலோசகர் ஆகிவிடவில்லை. பெயர்களில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைச் சொன்னால் உங்களுக்கு உதவும்.

வேத ஆலோசனை என்று இன்று சொல்வது 1970-ல் அமெரிக்காவில் ஜே ஆடம்ஸ் என்ற போதகர் எழுதிய புத்தகத்திலிருந்து பரவியது. ஆத்துமாவின் கஷ்டங்களை எல்லாம் மனநல நிபுணர்களிடம் அனுப்பிவிட்டுச் சபை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பது அவர் வாதம். ரோமர் 15:14-ல் 'ஒருவருக்கொருவர் புத்திசொல்ல வல்லவர்கள்' என்று வருகிறதே, அந்தப் புத்திசொல்லுதலுக்கான கிரேக்கச் சொல்லையே தன் முறைக்குப் பெயராக வைத்தார். ஆரம்பத்தில் பாவம், மனந்திரும்புதல் என்பதே தூக்கலாக இருந்தது. பின்னால் வந்தவர்கள், மனிதன் பாவம் செய்கிறவன் மட்டுமா, அடிபட்டவனும்தானே என்று சொல்லி, துன்பத்தையும் உடம்பையும் கணக்கில் சேர்த்தார்கள். உங்கள் சயாமா இதில் எந்தப் பக்கம் என்பது முதல் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். நான் இரண்டாவது பக்கம்தான். மகனைப் பிரிந்த தாயிடம் முதல் பேச்சே பாவத்தைப் பற்றியதாக இருந்தால் அது வேதத்தையே சரியாக வாசிக்காத வேலை என்று நினைக்கிறேன். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தது வரை நல்ல ஆலோசகர்கள்தான், வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

கிறிஸ்தவராக இருக்கும் மனநல நிபுணர் என்பது வேறு. அவர் மனநலப் படிப்பு படித்து அந்த முறையில் சிகிச்சை கொடுப்பவர், கூட ஜெபமும் செய்வார். இரண்டு பேரிடமும் ஒரே காலத்தில் போகலாம், ஒன்றுக்கொன்று தடை இல்லை. ஒருவரிடம் போவதை மற்றவரிடம் மறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

பாடத்தில் எங்களுக்குக் கண்டிப்பாகச் சொன்னது: வீட்டில் அடி உதை இருந்தால் கணவன் மனைவி இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசக் கூடாது. அவர் எதிரே அவள் உண்மை சொன்னால் அன்று ராத்திரி வீட்டில் அதற்குக் கூலி கிடைக்கும். உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி அப்படி நீங்கள் எதுவும் எழுதவில்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது வேண்டியிருக்கலாம்.

அக்கா, தப்பாக நினைக்காதீர்கள், ஒன்று நேராகக் கேட்கிறேன். 2 மணிக்கு விழித்துக் கிடக்கும்போது செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா? வந்தால் சனிக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே வீட்டுக்காரரிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். இங்கே எழுதினாலும் சரி, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மோல்மேன் தாத்தா:

மகளே, விசுவாசம் போதவில்லை என்று சொல்வார்களோ என்று பயப்படுகிறாய். எனக்கு 74 வயது, எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஜட்சன் ஐயாவின் பெயர் தெரியாத பர்மாக் கிறிஸ்தவன் இல்லை. 1813-ல் ரங்கூனுக்கு வந்த அமெரிக்க மிஷனரி, பர்மிய வேதாகமத்தை மொழிபெயர்த்தவர். அவருடைய மனைவி ஆன் அம்மா 1826 அக்டோபரில் அமர்ஸ்டில் இறந்தார், ஐயா அப்போது ஊரில் இல்லை. ஆறு மாதம் கழித்து கைக்குழந்தை மரியாவும் போயிற்று. அதன்பின் அந்த மனிதருக்கு என்ன ஆனது என்று பிரசங்கங்களில் அதிகம் சொல்வதில்லை. மோல்மேன் பக்கம் காட்டுக்குள் ஒரு குடிசை போட்டுத் தனியாக இருந்தார். ஒரு குழியை வெட்டி அதன் ஓரத்தில் உட்கார்ந்து சாவைப் பற்றியே யோசித்தார். கடவுளை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்கிற மாதிரி கடிதமும் எழுதினார். அவரைவிட விசுவாசம் உள்ளவரை நீ எங்கே தேடுவாய்? அந்த இருட்டு மெதுவாகத்தான் விலகியது. அவர் வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தது 1834-ல், இந்த இருட்டுக்கு அப்புறம்.

என் மனைவி இறந்தபோது எனக்கு யாரும் ஆலோசனை சொல்லவில்லை. லபேயே (டீ) கடையில் ஒரு சிநேகிதன் தினமும் எதிரே வந்து உட்கார்ந்தான், பேசமாட்டான். எனக்கு அது போதுமாக இருந்தது. உனக்கு ஒரு சயாமா கிடைத்திருக்கிறாள், போய் வா. வீட்டுக்காரரையும் கவனித்துக்கொள். போனது அவருக்கும் மகன்தானே. அவர் அழுதாரா என்று நீ எழுதவில்லை.

தன்லின் தையல்காரி:

எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை போய் வந்தேன், அதனால்தான் பதில் எழுத ஒன்பது நாள் ஆயிற்று.

டீச்சர், நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில். சாக வேண்டும் என்று இல்லை. காலையில் எழாமல் இருந்துவிட்டால் நல்லது என்று இரண்டு தடவை தோன்றியது. உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவரே டாக்டருக்குப் போன் பண்ணி, தைராய்டு பரிசோதனைக்கும் மனநல டாக்டருக்கும் நாள் வாங்கிவிட்டார். தாத்தா, அவர் அழுதாரா என்று கேட்டீர்கள். அந்த ராத்திரி 2 மணிக்கு நான் விழித்தபோது அவரும் விழித்துக்கொண்டுதான் இருந்தார். எத்தனை மாதமாக அப்படி என்று கேட்டேன். உன்னைப் போலத்தான் என்றார்.

சனிக்கிழமை பஸ் நெரிசலில் பாலம் தாண்டவே ஒரு மணி நேரம் ஆகி, அரை மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். சயாமா கோபிக்கவில்லை. அக்கா சொன்ன மாதிரியே படிவம், கையெழுத்துத் தாள், மூலையில் பேசாத ஒரு பெண். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டேன். மாத்திரையைப் பற்றி, டாக்டர் சொல்லாமல் ஒரு துண்டுகூடக் குறைக்காதீர்கள் என்றார். போதகர் அம்மாவிடம் என்ன சொல்வீர்கள் என்றதற்கு, நீங்கள் என்ன சொல்லச் சொல்கிறீர்களோ அது என்றார். விசுவாசத்தைப் பற்றி நான்தான் பேச்செடுத்தேன். தாய்க்குப் பிள்ளை நினைவு வருவது விசுவாசக் குறைவு இல்லை என்று சொல்லிவிட்டு, மகனுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று கேட்டார். நான் அத்தோ என்றேன், அழுதுவிட்டேன். பர்மிய மொழியில் ஆரம்பித்தது எப்போது தமிழுக்கு மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

வீட்டுப் பாடம் கொடுத்திருக்கிறார். 2 மணிக்கு விழிப்பு வந்தால் போனை எடுத்து அவன் கடைசியாக எப்போது ஆன்லைனில் இருந்தான் என்று பார்க்கக் கூடாது. நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும், அவன் பெயரைச் சொல்லி ஒரு ஜெபம், மறுபடி படுக்க வேண்டும். நான் 2 மணிக்குப் பார்க்கும்போது அங்கே 2:30, அவன் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பான், பதில் போட மாட்டான், அதனால்தான் எனக்கு நெஞ்சு அடிக்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிறு சாயங்காலம் அவனுக்கு லீவு. அப்போது அரை மணி நேரம் பேசுவது என்று அவனோடு பேசி வைத்துக்கொண்டேன். இந்த வாரம் ஏழு ராத்திரியில் நாலு ராத்திரி போனைத் தொடவில்லை. தூக்கம் இன்னும் வரவில்லை.

அந்த அறை ஜன்னலுக்குத் திரை இல்லை. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள், நான் அழும்போது இரண்டு பேர் பார்த்தார்கள். சயாமாவிடம் சொன்னேன், தைத்துக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார். அளவு எடுத்து வந்திருக்கிறேன். கதவுக் கண்ணாடியை அப்படியே விட்டுவிட வேண்டும், ஜன்னலுக்கு மட்டும்தான். வெளிச்சம் உள்ளே வர வேண்டும், முகம் தெரியக் கூடாது. எந்தத் துணி சரியாக வரும் என்று யாராவது சொல்லுங்கள். தன்லின் கடைத்தெருவில் கிடைப்பதெல்லாம் ஒன்று கனமாக இருக்கிறது, இல்லாவிட்டால் அப்படியே தெரிகிறது. அடுத்த சனிக்கிழமைக்குள் தைக்க வேண்டும்.